இடப்பக்கம் ஒரு கையகலம்

எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலை செய்த இடத்திலும் சொல்வார்கள். பொய்யில்லை. கிள்ளான் வட்டாரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற நர்ஸாக இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். பேசாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள் நான். சரக்கு வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குடும்பம். அப்படிப்பட்ட வாய் ஒருநாள், பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்துவிட்டது. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. அதுவரை சிசேரியன் என்றால் எங்கள் தியேட்டரில் முழு மயக்கம்தான். தாய் தூங்கிவிடுவாள், எழும்போது பிள்ளை தொட்டிலில் கிடக்கும். பிறகு மயக்க மருந்து கொடுக்க ஈப்போவிலிருந்து ஒரு சீன டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டார், மேஜைக்கு எட்ட ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டே திரிவார். முதுகில் மெல்லிய குழாய் வைத்து, அதன் வழியாக மருந்து கொடுத்து, மார்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்கிற எபிடூரல் முறையை அவர்தான் எங்களிடம் பழக்கமாக்கினார். அதில் தாய் முழித்திருப்பாள். பிள்ளை வெளியே வந்ததும் முகத்தைப் பார்க்கலாம்.

அதில் என் பங்கு கட்டிப்பிடிப்பது. தாயை மேஜை ஓரத்தில் உட்காரவைத்து, அவள் நெற்றியை என் தோளில் சாய்த்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வேன். முதுகு வெளியே வளைந்தால்தான் எலும்புகளுக்கு நடுவே வழி கிடைக்கும். "மாச்சாம் ஊடாங்" என்பார் டாக்டர் மலாயில், இறால் மாதிரி வளையச் சொல்லி. நிறைமாத வயிற்றை வைத்துக்கொண்டு இறாலாவது நண்டாவது. "என் மேல நல்லா சாஞ்சுக்குங்க, முதுகை மட்டும் டாக்டர்கிட்ட தள்ளிக் குடுங்க" என்று நான் தமிழில் சொல்வேன். பயத்தில் என் தோளைக் கடித்தவர்கள்கூட உண்டு.

டாக்டரின் கை மட்டும் பெரிய கை. ஊசியின் பின்னால் கண்ணாடி சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார். கெட்டியான இடத்தில் சிரிஞ்ச் அசையாது. சரியான இடம் வந்ததும் தடை விட்டுத் தண்ணீர் தானாக உள்ளே போகும். இம்மி தாண்டினாலும் தண்டுவடத்து நீர் வந்துவிடும், தாய் நாள்கணக்கில் தலைவலியில் கிடப்பாள். அந்தச் சரியான இடத்தில் குழாயை நுழைத்து, ஊசியை உருவி, குழாயைத் தோள்வரை பிளாஸ்டர் போட்டு ஒட்டுவார். மருந்தை ஒரேயடியாகக் கொடுக்க மாட்டார். முதலில் கொஞ்சம் கொடுத்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். பிரஷர் இறங்கினால் டிரிப்பை வேகமாக விடுவோம். வலது இடுப்புக்குக் கீழே ஒரு சின்ன தலையணை செருகுவோம். அப்புறம் இருபது நிமிஷம் காத்திருப்பு.

காத்திருந்த பிறகு ஐஸ். ரப்பர் கையுறையின் விரலில் தண்ணீர் ஊற்றி உறையவைத்திருப்போம். அதைத் தொடையில், அடிவயிற்றில், விலாவில், மார்பில் என்று இரண்டு பக்கமும் வைத்து டாக்டர் கேட்பார்: "செஜுக்?" குளிர்கிறதா என்று. குளிர் தெரியாத இடத்தில் கத்தியும் தெரியாது. எங்கள் பெண்களுக்கு அவ்வளவு மலாய் தெரியும், அதனால் அந்த இடத்தில் என் மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

ஆனால் நான் சும்மா இருப்பேனா. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் வார்டுக்குப் போய், தமிழ்ப் பெண்கள் இருந்தால் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஊசி எங்கே, குழாய் எதற்கு, ஐஸ் எங்கெங்கே வைப்பார்கள் என்று. "வயித்துல குளிரு தெரியக் கூடாது, கழுத்துல தெரியணும்" என்பேன். பரீட்சைக்கு முந்தின நாள் கேள்வித்தாளையும் விடையையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. பயம் போகட்டும் என்றுதான் செய்தேன். அதில் தப்பு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அப்படித்தான் அவளைப் பார்த்தேன். டெங்கில் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து பண்டமாரான் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் துறைமுகத்தில் லோரி ஓட்டினான். அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள், நான் போனதும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தாள். "உக்காருங்கம்மா, நான் என்ன இன்ஸ்பெக்டரா" என்றேன். சிரிக்கவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால், வேறோர் இடத்தில், அவசரமாக அவள் வயிற்றை வெட்டி ஒரு பையனை எடுத்திருக்கிறார்கள். முழு மயக்கத்தில். பிள்ளை இரண்டு மணி நேரம் இருந்ததாம். அவள் கண் விழித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கணவனும் மாமியாரும் பிள்ளையை எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்துவிட்டார்கள். பெற்றவள் இறந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மனசு விடாது, அடுத்தது தங்காது என்று ஒரு பேச்சு. எங்கள் மாதா கோயில் ஆட்களிடமும் அது உண்டு, நானே கேட்டிருக்கிறேன்.

"மொகம் எப்படி இருந்துச்சுன்னு யாருமே சொல்லல மிஸ்ஸி" என்றாள். அந்தக் காலத்தில் நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். "அவர கேட்டா எந்திரிச்சு வெளிய போயிடுறாரு."

இந்த முறையும் நல்ல செய்தி இல்லை. ஸ்கேனில் பிள்ளை வளரவில்லை, இதயத்தில் பெரிய கோளாறு. பிறந்தால் கொஞ்ச நேரம் தாங்கினாலே அதிகம் என்று டாக்டர்கள் அவளிடம் சொல்லிவிட்டார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது, முன்பே ஒரு வெட்டும் இருந்தது. அதனால் சிசேரியனைத் தவிர வழியில்லை.

"கொஞ்ச நேரம்னா கொஞ்ச நேரம்" என்றாள். "உசுரோட ஒரு தடவ பார்த்துட்டா போதும். என்னைத் தூங்க மட்டும் வெச்சுடாதீங்க."

"அதுக்குத்தானே முதுகுல போடுறோம். மரத்துப் போயிடும், நீங்க முழிச்சுதான் இருப்பீங்க."

"மரக்கலைனா?"

"மரக்கலைனா தூங்க வெப்பாங்க லா. ஆனா அப்படியெல்லாம் ஆகாது, நான் இருக்கேன்ல."

ஆறு மணிக்குள் பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும், பிரிக்பீல்ட்ஸுக்கு வீடு திரும்ப. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்ன பதில் அது. மரக்காவிட்டால் அதற்கு நடுவில் செய்யக்கூடியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்து, "சரிக்கா" என்றாள். மிஸ்ஸி, அக்கா ஆகியிருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை முதல் கேஸ் அவள். என்னை அணைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தலையில் தேங்காயெண்ணெய் வாசனை, குளித்துவிட்டு வந்திருந்தாள். டாக்டர் ஒரே முயற்சியில் குழாயை வைத்துவிட்டார். "நல்ல முதுகு" என்று ஆங்கிலத்தில் சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மருந்து போனது. இருபது நிமிஷம் ஆனது. கால் இரண்டும் கனத்துவிட்டது என்றாள்.

டாக்டர் ஐஸை எடுத்தார். வலது தொடை, வலது வயிறு, விலா. "தாக் செஜுக்" என்றாள் ஒவ்வொன்றுக்கும். குளிரவில்லை. கழுத்தில் வைத்ததும் "செஜுக்" என்றாள். பிறகு இடது பக்கம். இடது அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உள்ளே, ஐஸ் பட்டதும் என் கைக்குள் இருந்த அவள் கை சுருங்கியது. முகம் மாறவில்லை. "தாக் செஜுக்" என்றாள் அதே குரலில்.

டாக்டர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்திருந்தவள் நான். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள், கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்குத் தெரிந்துவிட்டது. இடப்பக்கம் ஒரு கையகலம் மரக்கவில்லை, இவள் நான் சொல்லிக்கொடுத்த விடையை ஒப்பிக்கிறாள். "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஊர் வம்புக்கெல்லாம் திறக்கிற வாய் அப்போது திறக்கவில்லை. நேற்று வாக்குக் கொடுத்தேனே, இவளைத் தூங்கவைத்துவிடுவார்களே என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் மருந்து தானாகப் பரவிவிடும் என்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் தோலை இடுக்கியால் கிள்ளிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கத்தியை வைத்தார்கள். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனது. அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நாடித்துடிப்பு ஏறியதைப் பார்த்து டாக்டரம்மா குனிந்து, "சாக்கிட்?" என்றார். வலிக்கிறதா?

"தாக். தாக் சாக்கிட்" என்றாள். இரண்டு கண்ணிலும் நீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஒன்றும் முட்டாளில்லை. அவர் குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோவதற்குள் உள்ளே இழுத்த இழுப்பில் அவள் உடம்பு மேஜையை விட்டுத் தூக்கிப்போட்டது. ஆபரேஷன் டாக்டர் கையை எடுத்துவிட்டார். வயிறு திறந்து கிடக்கிறது, பழைய தழும்பில் ரத்தம். இனி மருந்து ஏறக் காத்திருக்க முடியாது. டாக்டரம்மா ஆக்ஸிஜன் முகமூடியைக் கையில் எடுத்துவிட்டார்.

முழு மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறி மூச்சுக்குழலுக்குள் போய்விடாமல் இருக்க, ஒருவர் தொண்டையின் முன்குருத்தெலும்பை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது என் வேலை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அவள் தொண்டையில் வைத்தேன். "வேணாங்க்கா" என்றாள். "இன்னும் கொஞ்சம் தாங்கிக்கிறேன்க்கா." மருந்து கையில் ஏறியது. என் விரலுக்குக் கீழே அவள் எச்சில் விழுங்கியது தெரிந்தது. கண் என்னையே பார்த்துக்கொண்டு மூடியது.

மூன்று நிமிஷத்தில் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண்.

சின்னதாக இரண்டு தடவை அழுதது. கண்ணைத் திறக்கவில்லை. குழந்தை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வழியில்லை என்று தலையை ஆட்டினார். விளக்குக்குக் கீழே துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். என் இடம் தாயின் தலைமாட்டில், நான் அங்கேயிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமலேயே டாக்டரம்மா ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய், பிள்ளையை எடுத்து வந்து, தூங்குகிறவளின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பிடித்துக்கொண்டார். கை வலிக்கிறவரை பிடித்திருந்தார், பிறகு நான் பிடித்தேன். பிள்ளை நாற்பது நிமிஷம் இருந்தது. அது போனபோது அவளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் சோதித்துப் பார்த்தேனே" என்றார் டாக்டர் என்னிடம், மெல்ல, ஆங்கிலத்தில். "குளிரவில்லை என்றாளே."

"நான்தான் விடையைச் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். "இடது பக்கம் கை சுருங்கினதையும் பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் தூங்கவைத்துவிடுவீர்கள் என்று."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கையுறையைக் கழற்றினார். பிறகு, "சிஸ்டர், நான் ஏன் தூங்கவைக்கப் போகிறேன்? குழாயை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்து, அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்திருப்பேன். பத்து நிமிஷம், கால் மணி. முழித்திருந்திருப்பாள்" என்றார். எனக்குத் தெரியாத விஷயமா இது. எத்தனையோ பேரை அப்படி ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தாங்கிப் பிடித்தவளே நான்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். வேதக்காரி நான், இருந்தாலும் அதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் விடை சொல்லிக் கொடுத்ததில்லை. "ஒரு பொட்டு குளிரு தெரிஞ்சாலும் சொல்லுங்க, திருப்பிப் படுக்க வெச்சு இன்னும் மருந்து குடுப்பாங்க" என்பதைத்தான் முதலில் சொல்வேன், பஸ் போனாலும் போகட்டும் என்று. டாக்டரும் ஐஸை ஒழுங்கு வரிசையில் வைப்பதை விட்டுவிட்டார். ஒரு தடவை ஐஸ், ஒரு தடவை வெறும் விரல் என்று மாற்றி மாற்றி வைத்து முகத்தைப் பார்ப்பார். இதனால் பின்னால் வந்தவர்களுக்கு நன்மைதான். அவளுக்கு என்ன?

அன்று பதினோரு மணிக்கு அவள் கணவன் தியேட்டர் வாசலுக்கு வந்தான். கையில் புதுத் துண்டு ஒன்று, பிளாஸ்டிக் பையில். அம்மா கீழே வேனில் இருக்கிறாள் என்றான்.

"குடுத்துடுங்கக்கா. வெயில் ஏறதுக்குள்ள முடிச்சுடணும்னு சொல்றாங்க. அது எந்திரிக்கறதுக்குள்ள."

"எந்திரிச்ச பிறகுதான் தருவேன்."

"பார்த்தா தாங்காதுக்கா அது."

"போன தடவ பார்க்காம என்ன தாங்கிக்கிச்சு? நாலு வருஷமா மொகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுக்கிட்டுத் திரியுது. உங்கம்மாவ வேணும்னா மேல வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்." வாய் திரும்பி வந்துவிட்டது, மூன்று மணி நேரம் தாமதமாக. அவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, துண்டைப் பையிலிருந்து எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவள் கண்ணை மூடவைத்தது இவன் கையில்லை, என் கை.

அவள் விழித்ததும் முதலில் வயிற்றைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை, மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். விரலால் புருவத்தைத் தடவினாள்.

"அழுதுச்சாக்கா?"

"அழுதுச்சு. சன்னமா, ரெண்டு தடவ."

"கண்ண தொறந்துச்சா?"

திறந்தது என்று சொல்லியிருக்கலாம். யாரும் எதிர்சாட்சி சொல்லப் போவதில்லை. "இல்லம்மா" என்றேன். "ஆனா உசுரோட இருக்கும்போதே உங்க கன்னத்துல வெச்சிருந்தோம். ரொம்ப நேரம்."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டாள். வலது பக்கம் என்றேன். அங்கேயே கையை வைத்திருந்தாள்.

"நான் வலிக்குதுன்னு சொல்லியிருக்கணுமாக்கா?"

இதற்கும் உண்மையையே சொல்லிவிட்டேன். முதல் ஐஸிலேயே சொல்லியிருந்தால் திருப்பிப் படுக்கவைத்து இன்னும் மருந்து கொடுத்திருப்பார்கள், நீ முழித்தே இருந்திருப்பாய், நான்தான் முந்தின நாள் அதைச் சொல்லவில்லை, இன்றைக்குக் கண்ணால் பார்த்தும் சொல்லவில்லை, தப்பு உன்னுடையதில்லை, என்னுடையது என்று. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரியலியேக்கா எனக்கு" என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அவரைக் கூப்பிடுங்கள் என்றாள். மயக்கம் தெளியவைக்கிற அறைக்குள் வெளியாட்களை விடக்கூடாது. விட்டேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். பிள்ளையைப் பார்க்காமல் டிரிப்பைப் பார்த்தான்.

"இங்க வாங்க" என்றாள். "இத பாருங்க. அவனும் இப்படித்தான் இருந்தானா?"

திரும்பி வெளியே போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் கிட்டே வந்தான், குனிந்தான், வெகுநேரம் பார்த்தான்.

"நெத்தி இதேதான்" என்றான். "மூக்கு மட்டும் அவனுக்கு உன்னுது."